கேளுங்க டீச்சர்: பள்ளிக்கூடம் வேற மாதிரி இருக்கக்கூடாதா?

போன மாசம் ஒரு அம்மாவுக்கு எழுதின பதில்ல, "ஒரு நாளைக்கு ஒரு மணி நேரமாச்சும் என்ன செய்யணும்னு புள்ளையே முடிவு பண்ணட்டும்"னு ஒரே ஒரு வரி போட்டேன். அதுக்கு வர்ற வாட்ஸாப் இன்னும் நிக்கல, பாதி பேர் சண்டைக்கு, பாதி பேர் சந்தேகத்துக்கு. ஒருத்தர் நம்ம சுங்கை சிப்புட் பசார்லயே நான் தெங்கிரி மீன் வாங்கிட்டு நிக்கும்போது புடிச்சிக்கிட்டார், ஐஸ் உருகி தண்ணி காலுல ஒழுகற வரைக்கும் விடல. சரி, இந்த மாசம் மத்த கேள்விங்கள தள்ளி வச்சிட்டு இதையே பாத்துடுவோம். வழக்கம்போல யார் பேரும் போடல.

கேள்வி: என் மகளுக்கு 8 வயசு. ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வயித்து வலின்னு ஆரம்பிச்சிடுறா, திங்கக்கிழமை காலைல அழுக. கேஎல்ல இருக்கற என் நாத்தனார் ரெண்டு புள்ளைங்களயும் ஹோம்ஸ்கூல் பண்றாங்க, "நீங்களும் நிறுத்திடுங்க அண்ணி"ன்னு சொல்றாங்க. நானும் வீட்டுக்காரரும் பேக்டரில ஷிப்ட் வேலை. நிறுத்தலாமா, கேஸ் ஆகுமா? (ஒரு அம்மா, லிந்தாங் ரோடு)

தங்கச்சி, மொதல்ல சட்டத்த சொல்லிடுறேன், அப்பறம் வயித்து வலிக்கு வரேன். 1996 கல்விச் சட்டத்துல 2002ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க, 2003லருந்து நடப்புல இருக்கு. அதுபடி மலேசிய குடிமகனா இருக்கற புள்ளய ஆரம்பப்பள்ளில சேத்து ஆறு வருஷம் படிக்க வச்சே ஆகணும். வைக்கலன்னா 5000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும். விதிவிலக்கு குடுக்க கல்வி அமைச்சருக்கு அதிகாரம் இருக்கு, மனு எழுதிப் போடலாம், ஆனா நடப்புல அது பெரும்பாலும் பள்ளிக்கு போக முடியாத அளவுக்கு உடம்பு முடியாத புள்ளைங்களுக்குத்தான் கிடைக்குது. பெரிய ஊர்ல நெறய குடும்பம் சத்தமில்லாம செய்றாங்கதான், யாரும் வந்து கதவ தட்டலங்கறதால அது சட்டப்படி சரின்னு ஆயிடாது. நாத்தனார்கிட்ட அனுமதி கடிதம் இருக்கான்னு ஒரு வார்த்த கேளுங்க, கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

அப்பறம் வேலை. ஹோம்ஸ்கூல்னா பகல் பூரா வீட்டுல ஒரு பெரிய ஆள் இருக்கணும், சும்மா இருக்கறது இல்ல, புள்ள இன்னிக்கு எதுல மாட்டிக்கிச்சுன்னு கவனிச்சு நாளைக்கு என்ன எடுத்து வைக்கணும்னு யோசிக்கற ஆளா இருக்கணும். ரெண்டு பேரும் ஷிப்ட்டுக்கு போயிட்டு புள்ளய போன கையில குடுத்து வீட்டுல விட்டா அதுக்கு பேரு ஹோம்ஸ்கூல் இல்ல. பெரியவளானதும் பரீட்ச வேற இருக்கு, வீட்டுல படிக்கறவங்க நெறய பேர் ஐஜிசிஎஸ்இங்கற இங்கிலாந்து பரீட்ச எழுதுறாங்க, பாடத்துக்கு பாடம் தனித்தனியா கட்டணம், நம்ம சம்பளத்துக்கு கண்ணு முழி பிதுங்கும். எஸ்பிஎம், அதான் படிவம் 5 கடைசில வர்ற அரசாங்கப் பரீட்ச, அத தனியார் வேட்பாளரா எழுதலாம், ஆனா மலாயும் வரலாறும் பாஸ் ஆனாத்தான் சான்றிதழ், வீட்டுல தமிழ், பக்கத்து வீட்டுல தமிழ், கோயில்ல தமிழ்னு வளர்ற புள்ளைக்கு மலாய் கட்டுரை எழுத யார் பழக்கறது? கேஎல்ல உங்க நாத்தனாருக்கு இல்லாத சிக்கல் இது.

இப்ப வயித்து வலி. "ஏன் ஸ்கூல் புடிக்கல"ன்னு கேட்டா எந்த 8 வயசு புள்ளையும் பதில் சொல்லாது. சின்ன சின்னதா கேளுங்க, ரெஸ்ட்ல யார் பக்கத்துல உக்காந்த, டாய்லட்டுக்கு எப்ப போவ, வேன்ல எந்த சீட்டு, டீச்சர் எழுப்பி வாசிக்க சொன்னா என்ன ஆகும். எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு இப்படித்தான் வாரம் தவறாம வாந்தி எடுத்துச்சு, பள்ளிய மாத்த பாரமே எடுத்துட்டு வந்துட்டாங்க அம்மா, கடைசில பாத்தா வேன் பின் சீட்டுல ஒரு பெரிய பையன் தினமும் பென்சில் பொட்டிய புடுங்கி வச்சிக்கிட்டு கெஞ்ச விடுவானாம். வேன் அங்கிள்கிட்ட சொல்லி முன்னாடி உக்கார வச்சாங்க, வாந்தி நின்னுச்சு. எல்லாம் இவ்ளோ சுலபமா முடியாது, எழுத்த திருப்பி எழுதறது, வரி தாவி வாசிக்கறதுன்னு இருந்தா ஆஸ்பத்திரில குழந்தை டாக்டர்கிட்ட காட்டணும். ஆனா பள்ளிய நிறுத்தறதுக்கு முன்னாடி காரணத்த கண்டுபுடிங்க தங்கச்சி.

கேள்வி: டவுன்ல புதுசா மோன்டசோரி பாலர் பள்ளி தொறந்திருக்காங்க, பீஸ் மத்த தாடிக்காவ விட டபுள். மோன்டசோரின்னா என்ன, காசுக்கு தகுந்த மாதிரி இருக்குமா? (ஒரு அப்பா, லோரி ஓட்டுநர்)

போர்டுல அந்தப் பேர யார் வேணும்னாலும் போட்டுக்கலாம் தம்பி, அத தடுக்க ஆள் இல்ல. அதனால போர்ட பாக்காதீங்க, உள்ள போயி பாருங்க.

ஆரம்பிச்ச கதை நமக்கு ரொம்ப பக்கத்துல இருக்கற கதை. 1907 ஜனவரி 6ஆம் தேதி, ரோம் நகரத்துல சான் லொரென்சோன்னு கூலித் தொழிலாளிங்க குடியிருக்கற பகுதி, அப்பா அம்மா வேலைக்கு போனதும் புள்ளைங்க மாடிப்படி சுவரெல்லாம் கிறுக்கி நாசம் பண்ணுதுங்கன்னு கட்டடத்துக்காரங்க ஒரு ரூம ஒதுக்கி மரியா மோன்டசோரிங்கற லேடி டாக்டர்கிட்ட குடுத்தாங்க. அதாவது நம்ம தோட்டத்துல ஆயாக்கொட்டகை எதுக்கு வந்துச்சோ அதே காரணம்தான். அந்தம்மா என்ன செஞ்சாங்கன்னா புள்ளைங்கள அடக்காம, எத எடுக்குதுங்க, எத விடுதுங்க, எதுல அசையாம உக்காருதுங்கன்னு பாத்து பாத்து சாமான் செஞ்சாங்க. அப்பறம் 1939ல பிரம்மஞான சபைக்காரங்க கூப்பிட்டு மெட்ராஸ் அடையாறுக்கே வந்தாங்க. உலகப் போர்ல இத்தாலி எதிரி நாடாயிட்டதால வெளிய போக முடியாம மகனோட இந்தியாவுலயே மாட்டிக்கிட்டாங்க, கொஞ்ச காலம் கொடைக்கானல். ஊருக்கு திரும்பினது 1946ல, அதுக்குள்ள ஆயிரத்துக்கு மேல ஆசிரியர்களுக்கு பயிற்சி குடுத்து முடிச்சிருந்தாங்க. கூலிக்காரங்க புள்ளைங்களுக்காக வந்த முறைக்கு இன்னிக்கு டபுள் பீஸ் கேக்கறாங்க, என்னத்த சொல்ல.

உள்ள போனா இதெல்லாம் பாருங்க. 3 வயசு, 4 வயசு, 5 வயசு ஒரே ரூம்ல கலந்து இருக்கணும். அலமாரி புள்ள இடுப்பு உயரத்துல இருக்கணும், சாமான் எல்லாம் ஒவ்வொண்ணு மட்டும்தான் இருக்கணும், ஒருத்தன் எடுத்தா இன்னொருத்தன் காத்திருக்க பழகணும்னுதான் அப்படி. உப்புத்தாள்ல வெட்டி ஒட்டின எழுத்து இருக்கும், விரலால தடவி பாத்துட்டுத்தான் பென்சில் புடிப்பாங்க, தமிழ் எழுத்துல செஞ்சு வச்சிருக்காங்களான்னு கட்டாயம் கேளுங்க. முக்கியமா காலைல ரெண்டரை மூணு மணி நேரம் மணி அடிக்காம விடணும், ஒரு புள்ள ஒரே வேலைய இருவது தடவ செஞ்சாலும் யாரும் போயி கலைக்கக்கூடாது. நீங்க போற நேரத்துல எல்லா புள்ளையும் ஒரே கலரிங் தாள்ல ஒரே யானைக்கு ஒரே சாம்பல் கலர் அடிச்சிட்டு இருந்தா, வணக்கம் சொல்லிட்டு வந்துடுங்க, பாதி பீஸ்ல அதே யானைய வேற எடத்துலயும் அடிக்கலாம்.

வீட்டுல செய்யறதுக்கு காசே வேணாம். ரெண்டு மங்கு, ஒரு பிடி பருப்பு, ஒரு தட்டு. ஒண்ணுலருந்து இன்னொண்ணுக்கு ஊத்தட்டும், சிந்தினத அதுவே பொறுக்கட்டும், நீங்க கை நீட்டாம உக்காந்திருங்க. அந்த கை நீட்டாம இருக்கறதுதான் கஷ்டம்.

கேள்வி: நான் அக்கான்னு கூப்பிடலாமா தெரியல, எனக்கு 64. பேரன் படிக்கற தோட்டத்து தமிழ்ப்பள்ளில மொத்தமே 22 புள்ளைங்க. இந்த வருஷம் மூணாம் ஆண்டையும் நாலாம் ஆண்டையும் ஒரே வகுப்பா போட்டுட்டாங்க. டவுன்ல பெரிய பள்ளிக்கு மாத்தணும்னு மருமக ஒத்தக் கால்ல நிக்குது. மாத்தலாமா? (ஒரு பாட்டி, சலாக்)

அக்கான்னே கூப்பிடுங்க, நானும் பாட்டிதான்.

150க்கு கீழ புள்ளைங்க இருந்தா அது குறைந்த மாணவர் பள்ளி, 30க்கும் கீழ போயிட்டா ரெண்டு ஆண்டை சேத்து கூட்டு வகுப்பு, இது கல்வி அமைச்சு வச்சிருக்கற கணக்கு. நம்ம பள்ளிங்க நெறய இந்த கணக்குல வர்றதுக்கு காரணம் உங்களுக்கே தெரியும். 1923 தொழிலாளர் சட்டத்துல தோட்டத்துல பத்து புள்ளைங்க இருந்தாலே தோட்டத்துரை பள்ளி வச்சாகணும்னு இருந்துச்சு, அதனாலதான் தோட்டத்துக்கு ஒண்ணு, லயத்து ஓரத்துல ஒரு கொட்டாயி, கிராணியே வாத்தியார்னு கெடந்துச்சு. அப்பறம் கித்தா போயி செம்பனை வந்துச்சு, ஜனம் தாமானுக்கு போயிடுச்சு, பள்ளி மட்டும் உள்ளயே நின்னுடுச்சு.

ஆனா சின்ன பள்ளி, கலந்த வகுப்புன்னா மட்டம்னு நெனைக்கறது தப்பு. உலகத்துல புள்ளைய மையமா வச்ச பள்ளின்னு பேசற பல விஷயம் இந்த மாதிரி எடத்துலதான் பொறந்துச்சு. தென்னமெரிக்காவுல கொலம்பியா நாட்டுல 1970கள் நடுவுல விக்கி கோல்பெர்ட்னு ஒரு அம்மாவும் கூட சேந்தவங்களும் "எஸ்குவேலா நுவேவா"ன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. அங்கயும் கிராமத்துல ஒரே வாத்தியார் அஞ்சு வகுப்பையும் பாக்கணும், காப்பிக்கொட்டை பறிக்கற சீசன்ல புள்ளைங்க வராது, நம்ம ஆளுங்க ஒட்டுப்பால் பொறுக்க போன மாதிரியேதான். வராத புள்ளைய அதுக்காக பெயில் பண்ணா திரும்பியே வராதுன்னு, பாடத்த புள்ள தானா படிச்சு செய்யற கையேடா எழுதிட்டாங்க. அறுவடை முடிஞ்சு வந்து விட்ட பக்கத்துலருந்து தொடங்கலாம். பள்ளி நடத்தற வேலையில ஒரு பங்க புள்ளைங்க தேர்ந்தெடுத்த குழு பாத்துக்கும். அப்பறம் யுனெஸ்கோ 1990கள் கடைசில லத்தீன் அமெரிக்க நாடுங்கள ஒப்பிட்டு பாத்தப்போ, பெரிய மாநகரத்த விட்டுட்டா கொலம்பியாவுல கிராமத்து புள்ளைங்கதான் டவுன் புள்ளைங்கள விட நல்லா செஞ்சாங்க. மத்த நாட்டுல எல்லாம் தலைகீழ்.

அவ்ளோ தூரம் வேணாம்னா சென்னைக்கு வாங்க. ஆந்திராவுல மதனப்பள்ளி பக்கத்துல ரிஷி வேலின்னு ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கின பள்ளி இருக்கு, அவங்க சுத்துப்பட்டு கிராமத்துக்காக பாடத்த சின்ன சின்ன அட்டையா மாத்தி ஒரு பொட்டியில போட்டாங்க. அத பாத்துட்டு வந்து 2003ல சென்னை மாநகராட்சி கமிஷனரா இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி பள்ளிங்கள்ல கொண்டு வந்தார், 2007 வாக்குல தமிழ்நாடு பூரா அரசு ஆரம்பப்பள்ளிக்கு போயிடுச்சு. செயல்வழிக் கற்றல்னு பேரு. சுவத்துல ஏணிப்படி வரைஞ்ச ஒரு பெரிய படம், ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்ன சின்னம், புள்ள வந்ததும் தான் எந்த படியில இருக்கோம்னு பாத்து அந்த சின்னம் போட்ட அட்டைய டிரேலருந்து எடுத்துக்கிட்டு பாயில போயி உக்காரும். சுவத்துல கீழ் பாகம் பூரா கரும்பலகை, ஒவ்வொருத்தருக்கும் ஒரு கட்டம், டீச்சருக்கு நாற்காலி கூட கெடயாது, தரையிலதான். குறையும் இருந்துச்சு, அட்டை கிழிஞ்சா புதுசு வராது, பதிவேடு எழுதியே கை ஒடிஞ்சிடுதுன்னு ஆசிரியர்கள் புலம்பினாங்க, வீட்டுப்பாடமே இல்லியான்னு பெத்தவங்க சண்டைக்கு போனாங்க. 2022லருந்து அங்க எண்ணும் எழுத்தும்னு வேற திட்டம், ஒண்ணு ரெண்டு மூணு வகுப்பு புள்ளைங்கள வகுப்பா பிரிக்காம அரும்பு, மொட்டு, மலர்னு தெரிஞ்ச அளவ வச்சு பிரிக்கறாங்க.

நான் எதுக்கு இவ்ளோ நீட்டி சொல்றேன்னா, கூட்டு வகுப்ப மேல இருக்கறவங்க ஆள் பத்தாம செஞ்சாங்க, சரி, ஆனா அதயே நல்லா செய்யறதுக்கு வழி இருக்கு, அட்டையும் தமிழ்லயே இருக்கு. உங்க பள்ளி அப்படி செய்யுதான்னுதான் கேள்வி. தலைமையாசிரியர்கிட்ட கேட்டுட்டு ஒரு அரை மணி நேரம் பின்னாடி உக்காந்து பாருங்க அக்கா. டீச்சர் மூணாம் ஆண்டுக்கு பாடம் நடத்தும்போது நாலாம் ஆண்டு என்ன பண்ணுது? பலகைய பாத்து காப்பி அடிச்சிட்டு உக்காந்திருந்தா மருமக சொல்றது சரி, மாத்திடுங்க, அரை நாள் படிப்புக்கு முழு நாள் அனுப்ப வேணாம். தனக்குன்னு வேலை வச்சிருந்து, முடிச்சதும் சின்னவனுக்கு சொல்லிக் குடுத்து, டீச்சர் நடுவுல நடுவுல வந்து எட்டிப் பாத்தா, டவுன்ல ஒரு வகுப்புல 35 பேருக்கு நடுவுல கிடைக்காதது அது.

ஒண்ணு மட்டும் மறைக்க மாட்டேன். 22 பேர்ல பேரன் வயசு பசங்க ரெண்டு மூணு பேருதான் இருப்பாங்க, பந்து விளையாட டீம் சேராது, படிவம் 1க்கு போனா ஆயிரம் பேர் இருக்கற இடைநிலைப்பள்ளில மொத மாசம் மெரண்டுடுவான். சாயங்காலம் ஊர் பசங்களோட விளையாட விடுங்க, மத்த இன பசங்களோடயும்.

கேள்வி: யுபிஎஸ்ஆர்ங்கற ஆறாம் ஆண்டு பரீட்சைய எடுத்ததுலருந்து என் பையன் படிக்கறானா இல்லியான்னே தெரியல. எல்லா பாடத்துலயும் டிபி 3 போட்டு அனுப்பறாங்க. 6க்கு 3ன்னா பாதிதானே, 50 மார்க்குதானே? (ஒரு அப்பா, பாதுகாவலர்)

இல்ல தம்பி. யுபிஎஸ்ஆர் 1988லருந்து இருந்துச்சு, 2021ல எடுத்துட்டாங்க, அடுத்த வருஷம் படிவம் 3 பரீட்ச பிடி3யும் போச்சு. இப்ப வகுப்புசார் மதிப்பீடு, டிபி 1லருந்து 6 வரைக்கும். இது மார்க்க ஆறால வகுத்தது இல்ல, புள்ள என்ன செய்ய முடியும்ங்கறதோட படி. கணக்குல சொல்றேன், டிபி 3ன்னா கூட்டல் கழித்தல் மாதிரி அடிப்படை வேலைய தப்பில்லாம செய்வான், அதுதான் குறைஞ்சபட்ச தரம். டிபி 4ல அதையே வச்சு சாதாரண வாக்கியக் கணக்கு போடுவான். 5ல சிக்கலான கணக்க ஒண்ணுக்கு மேல வழியில செய்வான், 6ல இதுக்கு முன்ன பாக்காத கணக்க குடுத்தாலும் தானா யோசிச்சு செய்வான். நாலாம் ஆண்டுலருந்து வருஷக் கடைசில யுஏஎஸ்ஏ பரீட்ச வேற இருக்கு, அதுல தாள்ல எழுதி மார்க் வரும்.

எல்லா பாடத்துலயும் 3ன்னா எனக்கே லேசா சந்தேகம் வருது, ஒரு புள்ள எல்லாத்துலயும் ஒரே மாதிரி இருக்கறது அபூர்வம், அவசரத்துல ஒரே நம்பர தட்டிட்டாங்களோ என்னமோ. பள்ளிக்கு போயி "ஏன் 3"ன்னு சண்டைக்கு நிக்காதீங்க, "இவன் 4க்கு போக எந்த வேலைய செய்ய தெரியணும், நான் வீட்டுல என்ன பாக்கணும்"னு கேளுங்க. பதில் சொல்ல முடிஞ்ச டீச்சர் உங்க பையன பாத்திருக்காங்கன்னு அர்த்தம். கூடவே கடைக்கு கூட்டிட்டு போயி 20 வெள்ளி குடுத்து ரொட்டி, முட்டை, சீனி வாங்கிட்டு மிச்சத்த வாங்குறதுக்கு முன்னாடியே சொல்ல சொல்லுங்க, டிபி எவ்ளோன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.

கேள்வி: பின்லாந்துல பாடமே கெடயாதாம், பரீட்சையே கெடயாதாம், வாட்ஸாப்ல வந்துச்சு, நம்ம மட்டும் ஏன் இப்படி? (ஒரு வாசகர்)

பாடம் இருக்கு. 2016லருந்து நடப்புக்கு வந்த அவங்க பாடத்திட்டத்துல, வருஷத்துக்கு ஒரு தடவயாச்சும் பல பாடத்த சேத்து ஒரே தலைப்புல வேலை செய்யணும்னு ஒரு விதி போட்டாங்க, அத யாரோ "பாடத்தயே ஒழிச்சிட்டாங்க"ன்னு கெளப்பி விட்டாச்சு. நாடு பூரா எழுதற பொதுப் பரீட்ச கடைசில மேல்நிலை முடிக்கும்போதுதான், வகுப்புல டீச்சர் வைக்கற டெஸ்ட்டெல்லாம் உண்டு. அதயெல்லாம் விட்டுட்டு ஒண்ணு கவனிங்க, வகுப்பாசிரியர் ஆகணும்னாலே அங்க முதுகலை படிச்சிருக்கணும், 1948லருந்து எல்லா புள்ளைக்கும் பள்ளில மத்தியானச் சாப்பாடு இலவசம். இத யாரும் வாட்ஸாப்ல அனுப்பறதில்ல.

கேள்வி: எங்க காலத்துல ரோத்தான் பிரம்பு இருந்துச்சு, நாங்க படிச்சோம். புள்ளைக்கு புடிச்சத செய்ய விடுன்னு நீங்க எழுதறது புள்ளைங்கள கெடுக்கறது. (ஒரு ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி)

ஐயா, வணக்கம். நீங்க படிச்சீங்க, சந்தோஷம். உங்ககூட ஒண்ணாம் வகுப்புல உக்காந்தவங்கள்ல எத்தன பேர் ஆறாம் வகுப்பு முடிச்சாங்கன்னு கொஞ்சம் நெனச்சு பாருங்க, அடிக்கு பயந்து செம்பனை காட்டுல ஒளிஞ்சவங்களயும் சேத்து. ரோத்தான் இன்னிக்கும் சட்டத்துல இருக்கு, தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் குடுத்தவரோதான் எடுக்கலாம், அதுவும் ஆம்பளப் பசங்களுக்கு மட்டும். கண்ட டீச்சரும் கண்ட நேரத்துல தூக்கறதுக்கு அப்பவும் அனுமதி இல்ல, இப்பவும் இல்ல.

நம்ம ஊர்லயே மகாத்மா காந்தி கலாசாலைன்னு அவர் பேர்ல பள்ளி இருக்கு. அந்த காந்தியே ஒரு காலத்துல தமிழ்ப் புள்ளைங்களுக்கு வாத்தியாரா இருந்தவர், 1910ல ஜோஹானஸ்பர்க் பக்கத்துல தால்ஸ்தாய் பண்ணைன்னு வச்சிருந்தப்போ. காலைல எல்லாரும் தோட்ட வேலை, மத்தியானத்துக்கு மேல பாடம், தனக்கு தெரிஞ்ச கொஞ்ச தமிழ வச்சு தமிழே சொல்லிக் குடுத்திருக்கார். அங்க ஒரு அடங்காத பையன ஒரு தடவ ரூலரால கையில அடிச்சிட்டார், அடிக்கும்போது தன் உடம்பு நடுங்குச்சுன்னு சுயசரிதையில அவரே எழுதி வச்சிருக்கார், அடிச்சது சரின்னு தனக்கு தோணலன்னும் எழுதியிருக்கார். நான் எழுதினது ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஐயா, மிச்சம் 23 மணி நேரம் உங்க கையிலதான் இருக்கு.

கேள்வி: டீச்சர், நான் படிவம் 3. இங்கிலாந்துல ஒரு ஸ்கூல்ல கிளாசுக்கே போக வேணாமாம், யூடியூப்ல பாத்தேன், உண்மையா? எனக்கு பைக் ரிப்பேர்தான் புடிக்கும், ஈஎக்ஸ்5 இன்ஜின நானே எறக்கி மாட்டுவேன். அப்பா எஸ்பிஎம் முடின்னு உயிர எடுக்கறார். எஸ்பிஎம் எதுக்கு? (ஒரு மாணவன்)

உண்மைதான்டா தம்பி. சம்மர்ஹில்னு பேரு, ஏ.எஸ். நீல்னு ஒருத்தர் 1921ல தொடங்கினது, சஃபோக் பக்கம் லெய்ஸ்டன்ங்கற சின்ன ஊர்ல இன்னிக்கும் நடக்குது. வகுப்பு நடக்கும், போறதும் போகாததும் உன் இஷ்டம். 1999ல அரசாங்க இன்ஸ்பெக்டர்ங்க வந்து இது சரியில்ல, வகுப்புக்கு அனுப்புன்னாங்க, பள்ளி வழக்காட போச்சு, 2000ல அரசாங்கம்தான் எறங்கி வந்துச்சு. ஆனா யூடியூப்ல பாதிதான் காட்டியிருப்பான். அங்க வாரா வாரம் மீட்டிங், 6 வயசு புள்ளைக்கும் ஒரு ஓட்டு, தலைமையாசிரியருக்கும் ஒரு ஓட்டு, எத்தன மணிக்கு படுக்கணும்ங்கறது வரைக்கும் அங்கதான் சட்டம் போடுவாங்க. நீ மத்தவன் சைக்கிள கேக்காம எடுத்தா உன் பேர மீட்டிங்ல சொல்லுவாங்க, எல்லாரும் கை தூக்கி உனக்கு அபராதம் போடுவாங்க. டிஸிப்ளின் டீச்சர் ஒருத்தர சமாளிக்கறது சுலபம், கூட சாப்பிடற அம்பது பேரும் உன்ன பாத்துட்டு இருக்கறது கஷ்டம். அதோட அது பீஸ் கட்டற போர்டிங், உங்கப்பா பைக்க வித்தாலும் ஒரு மாசத்துக்கு காணாது.

இப்ப உன் விஷயம். இன்ஜின எறக்கி மாட்டறது படிப்பு இல்லன்னு யாராச்சும் சொன்னா நம்பாத. ஆனா நீ பழகினது கார்புரேட்டர் வண்டி, இப்ப வர்றது எல்லாம் எஃப்ஐ, அதாவது பெட்ரோல கம்ப்யூட்டர் அளந்து பீச்சற வண்டி, ஸ்கேனர மாட்டினா கோடு நம்பர் வரும், அது என்னன்னு மேனுவல்ல பாக்கணும், மேனுவல் தமிழ்ல இருக்காது. உன் வொர்க்‌ஷாப் பாஸ் யாருக்காச்சும் போன் பண்ணி கேப்பார், நீயும் அப்படியே கேட்டுட்டு இருக்கணுமா, இல்ல உன்கிட்ட நாலு பேர் கேக்கணுமா.

நீ இப்ப படிவம் 3ங்கறதால ஒரு கதவு தொறந்திருக்கு. கோலேஜ் வோகேஷனலுக்கு இந்த வருஷமே ஆன்லைன்ல மனு போடலாம், தேதிய உன் கவுன்சிலிங் சிகுகிட்ட கேளு, தானா வந்து சொல்லுவாங்கன்னு உக்காந்திருக்காத. அங்க பாதிக்கு மேல வொர்க்‌ஷாப் வேலைதான், எஸ்விஎம்ங்கற மலேசிய தொழிற்கல்வி சான்றிதழ், முடிஞ்சா டிப்ளமா வரைக்கும். எடம் கிடைக்கலன்னா படிவம் 4ல தொழிற்பாடம் இருக்கற பள்ளி எதுன்னு கேளு. எஸ்பிஎம் முடிச்சதும் மனிதவள அமைச்சோட பயிற்சி நிலையம் ஈப்போலயே இருக்கு. எஸ்கேஎம்னு சொல்ற மலேசிய திறன் சான்றிதழ் 1லருந்து 3 படி, அதுக்கு மேல 4 டிப்ளமா, 5 மேல்நிலை டிப்ளமா. ஏற்கனவே பல வருஷம் வேலை செஞ்சு பழகினவங்க, செஞ்ச வேலைக்கு ஆதாரம் எல்லாம் சேத்து காட்டி அந்த சான்றிதழ வாங்கறதுக்கு பிபிடின்னு ஒரு வழி இருக்கு. வகுப்புசார் மதிப்பீட்டயும் பிபிடின்னுதான் சொல்லுவாங்க, கொழப்பிக்காத, இது பெங்கிக்திராஃபான் பென்சாப்பாயான் தெர்டாஹுலு. இத உன் வொர்க்‌ஷாப் பாஸ்கிட்டயும் சொல்லு, அவருக்கே தெரியாம இருக்கலாம். படிப்ப பாதில விட்ட நம்ம பசங்களுக்குன்னே கலும்பாங்ல மைஸ்கில்ஸ் அறவாரியம் தொழில் சொல்லிக் குடுக்கறாங்க, ஆனா நீ இன்னும் விடல, விடாத.

எஸ்பிஎம் எதுக்குன்னு கேட்டல்ல. மலாயும் வரலாறும் பாஸ் ஆனா போதும், மத்தது எல்லாம் ஏ வாங்கணும்னு நான் சொல்ல மாட்டேன், உங்கப்பாவும் சொல்லலன்னு நெனைக்கறேன். இந்த வாரம் அவர வொர்க்‌ஷாப்புக்கு கூப்பிட்டு போயி நீ செய்யற வேலைய நின்னு பாக்க சொல்லு. அவர் உன்ன பரீட்ச ரிப்போர்ட்ல மட்டும்தான் பாத்திருக்கார் போல.

கேள்வி: நாங்க அஞ்சாறு இளைஞருங்க கோயில் மண்டபத்துல சனிக்கிழம இலவச டியூஷன் ஆரம்பிச்சோம். மொத வாரம் 30 பேர், இப்ப 7 பேர். என்ன தப்பு பண்றோம்? (இளைஞர் குழு, தோட்டப்புறம்)

அஞ்சு நாளா செஞ்சதயே ஆறாவது நாளும் செய்றீங்க, அதான். மேசைய வரிசையா போட்டு, வெள்ளப்பலகை வச்சு, பயிற்சிப் புத்தகம் குடுத்திருப்பீங்க.

மேசைய ஓரமா தள்ளுங்க, பாய விரிங்க. ஆண்டு ஒண்ணு, ஆண்டு ரெண்டுன்னு பிரிக்காதீங்க, வாசிக்க வர்றவங்க, தட்டுத் தடுமாறி வாசிக்கறவங்க, எழுத்தே தெரியாதவங்கன்னு பிரிங்க, அதயும் வெளிய சொல்லாம பூ பேரோ பழத்து பேரோ வச்சுக்கோங்க. பழைய காலண்டர் அட்டைய வெட்டி ஒரு அட்டைக்கு ஒரு வேலை எழுதுங்க, "கோயில் படி எத்தன, ஒரு படி எவ்ளோ உயரம், மொத்தம் எவ்ளோ மீட்டர்"னு ஒண்ணு, "பூசாரிகிட்ட இன்னிக்கு என்ன விசேஷம்னு கேட்டு மலாய்ல மூணு வரி எழுது"ன்னு ஒண்ணு. புள்ள தானா எடுக்கட்டும், முடிச்சா பின்னாடி பேர எழுதி வைக்கட்டும். வாசிக்கத் தெரிஞ்ச அஞ்சாம் ஆண்டு பசங்கள சின்னவங்களோட உக்கார விடுங்க, அவங்களுக்கு அதுல ஒரு பெரும, வராம இருக்க மாட்டாங்க. நீங்க அஞ்சு பேரும் சுத்தி வந்து பாத்துட்டு, யார் எதுல மாட்டிக்கிட்டாங்கன்னு ஒரு நோட்டுல குறிங்க, அடுத்த வார அட்டைய அத பாத்து எழுதுங்க.

கடைசி கால் மணி நேரம் மீட்டிங். தலைமை ஒரு புள்ள, வாரத்துக்கு ஒருத்தர். அடுத்த வாரம் என்ன, பலகாரம் என்ன, யார் பாய் மடிக்கறது, யார் யாரோட சண்டைன்னு எல்லாம் அங்கயே பேசட்டும், நீங்க கை தூக்கி அனுமதி கேட்டுட்டு பேசுங்க. மொத ரெண்டு மூணு வாரம் மீசிங்கோலா கச்சாங் பூத்தேவான்னு சண்டை போட்டே நேரம் போயிடும், போகட்டும். பலகாரக் காச மட்டும் புள்ளைங்க கையில குடுக்காதீங்க, யாரு எவ்ளோ போட்டாங்கன்னு அம்மாமாருங்க சண்டைக்கு வந்துடுவாங்க, அத உங்கள்ல ஒருத்தர் கணக்கெழுதி கோயில் தலைவர்கிட்ட மாசாமாசம் காட்டிடுங்க.